பூனைக்கு இயற்கைப் பொம்மை: சேலம், ஏற்காட்டுக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

புதிதாகப் பூனை வளர்க்க ஆரம்பித்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். பிளாஸ்டிக் வேண்டாம், நார், ஓலை, வேர் என்று ஏதாவது வாங்கிக் கொடுக்கலாம் என்று கடைக்குப் போனால் தலை சுற்றிவிடும். எல்லா அட்டையிலும் ‘இயற்கை’ என்று அச்சடித்திருக்கும். எந்தச் செடி, என்ன சாயம், உள்ளே என்ன அடைத்திருக்கிறது என்று கேட்டால் விற்பவருக்கும் தெரியாது. எங்கள் வீட்டுப் பூனை அப்படி வந்த ஒரு சணல் எலியின் நூலை விழுங்கி, ஸ்கேன், டிரிப்ஸ் என்று அலைந்தோம். நல்லவேளை, பிழைத்துக்கொண்டது. அந்த அலைச்சலில் கால்நடை மருத்துவர்களிடமும் கயிற்றுக் கடைகளிலும் நாட்டு மருந்துக் கடைகளிலும் கேட்டுத் தெரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: செடியிலிருந்து வந்தது என்பதாலேயே ஒரு பொருள் பூனைக்கு ஆகிவிடாது. அரளியும் செடிதான்.

1. முதலில் உங்கள் பூனையைக் கவனியுங்கள்

எல்லாப் பூனையும் ஒரே மாதிரி விளையாடாது. சில பூனைகள் அடிக்கும், துரத்தும், விட்டுவிடும். சில பூனைகள் கவ்விக்கொண்டு ஒரு மூலைக்குப் போய் நார் நாராகக் கிழிக்கும், கிழித்ததை விழுங்கும். உங்களுடையது இரண்டாவது வகை என்றால் நார்ப் பொருட்களில் பாதியை இப்போதே ஒதுக்கிவிடலாம். ஒரு பழைய காட்டன் துணியை முடிச்சுப் போட்டு, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது விளையாடக் கொடுத்துப் பாருங்கள். ஒரு வாரத்துக்குள் எந்த வகை என்று தெரிந்துவிடும். பல் முளைக்கும் குட்டிகள் பெரும்பாலும் கடிக்கத்தான் செய்யும், ஆறு ஏழு மாதம் வரை அவற்றைக் கடிக்கும் வகையாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

2. வாங்கும் முன் மூன்று சோதனை

கடையில் நின்றபடியே செய்யலாம். ஒரு சின்ன வெள்ளைத் துணியையும் ஒரு தண்ணீர் பாட்டிலையும் எடுத்துப் போங்கள்.

முதலாவது சாயம். துணியை நனைத்து, பொம்மையின் மேல் அழுத்தித் தேயுங்கள். நிறம் துணியில் ஏறினால் அது பூனையின் எச்சிலிலும் இறங்கும், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பச்சை, ரோஸ் நிறங்கள்தான் அதிகம் ஏறும்.

இரண்டாவது மணம். மூக்கருகே வைத்துப் பாருங்கள். மண்ணெண்ணெய் வாடையோ கிரீஸ் வாடையோ அடித்தால் அது கயிறு திரிக்கும்போது போட்ட எண்ணெய். அந்துருண்டை வாடை அடித்தால் அதைவிட மோசம், நாப்தலின் பூனைக்கு விஷம். காய்ந்த புல், காய்ந்த ஓலை மணம் தவிர வேறு எதுவும் வரக்கூடாது.

மூன்றாவது பிய்க்கும் சோதனை. நகத்தால் ஒரு நாரைக் கிளப்பி இழுங்கள். துண்டாக உடைந்து வந்தால் பரவாயில்லை. நீளமாக, விடாமல் உருவிக்கொண்டே வந்தால் அதுதான் ஆபத்து. பூனையின் நாக்கில் உள்நோக்கி வளைந்த முட்கள் இருப்பதால், வாயில் போன நூலை அதனால் எளிதில் துப்ப முடியாது, விழுங்கித்தான் ஆகவேண்டும். ஒரு முனை நாக்கடியிலோ வயிற்றிலோ சிக்கிக்கொள்ள, மறு முனை குடலுக்குள் இறங்க, குடல் சுருக்குப் பை மாதிரி மடிந்து அறுபடும். எங்கள் பூனைக்கு நடந்தது இதன் ஆரம்பம்தான்.

இதோடு அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள். எலுமிச்சம்பழத்தைவிடச் சின்னதாக எதுவும் வேண்டாம். ஒட்டிய கண், மூக்கு, மணி, ஸ்டேப்ளர் பின், கம்பி ஏதாவது இருந்தால் பிடுங்கிவிட்டுக் கொடுக்கலாம் என்று வாங்காதீர்கள். பிடுங்கிய இடத்தில்தான் முதலில் கிழியும்.

3. எந்தப் பொருள், எங்கே, எவ்வளவு

தேங்காய் நார்க் கயிறுதான் நமக்குச் சுலபம். செவ்வாய்ப்பேட்டை, கடைவீதிப் பக்கக் கயிற்றுக் கடைகளில் எடைக்கோ கட்டாகவோ வாங்கலாம். பொம்மையாகத் தொங்கவிட வேண்டாம், நகம் பிறாண்டும் கம்பமாகச் சுற்றுங்கள். வளர்ந்த பூனை முழு உடம்பையும் நீட்டிப் பிறாண்ட 75 செ.மீ. உயரமாவது வேண்டும். 110 மி.மீ. பைப்பில் 8 மி.மீ. கயிற்றை இடைவெளி இல்லாமல் சுற்ற ஏறக்குறைய 35 மீட்டர் பிடிக்கும். கொஞ்சம் கூடுதலாகவே வாங்குங்கள், பாதியில் தீர்ந்தால் நடுவில் ஒரு முடிச்சு வரும், பூனை அந்த முடிச்சைத்தான் பிடித்துக்கொள்ளும். இரு முனைகளையும் பைப்பில் ஓட்டை போட்டு உள்ளே இழுத்து முடியுங்கள், வெளியே வால் விடாதீர்கள். பசை போட்டே ஆகவேண்டும் என்றால் மர வேலைக்கான வெள்ளைப் பசையை முனைகளில் மட்டும் தடவி, இரண்டு நாள் காயவிட்டு அப்புறம் பூனையை விடுங்கள். கயிறு, பைப், அடிப்பலகை எல்லாம் சேர்த்து 500 முதல் 800 ரூபாய்க்குள் முடித்துவிடலாம். கடையில் ரெடிமேடாக வாங்கினால் இரண்டு மூன்று மடங்கு ஆகும்.

கற்றாழை நார்க் கயிறு இன்னும் நன்றாக உழைக்கும், நகத்துக்கும் அதுதான் வாகு. ஆனால் எண்ணெய் வாடைப் பிரச்சினை அதில்தான் அதிகம். வாடை இல்லாதது கிடைத்தால் வாங்குங்கள்.

பீர்க்கங்கூடு எனக்கு மிகவும் பிடித்தது, செலவும் கிடையாது. அஸ்தம்பட்டி, சூரமங்கலம் உழவர் சந்தைகளில் முற்றிய பீர்க்கங்காய் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவைத்தால், விதைக்கு விட்டதை விவசாயிகளே கொண்டு வந்து தருவார்கள். தோல் பழுப்பாகி, ஆட்டினால் உள்ளே விதை கலகலவென்று சத்தம் போட வேண்டும். ஒரு இரவு தண்ணீரில் ஊறப்போட்டுத் தோலை உரியுங்கள். எல்லா விதையையும் தட்டி எடுத்துவிடுங்கள், முற்றிய பீர்க்கில் கசப்புச் சத்து இருக்கும், அதனால் கூட்டை மூன்று நான்கு தண்ணீர் மாற்றி அலசுங்கள். சேலத்து வெயிலில் ஒரே நாளில் காய்ந்துவிடும். மூன்று விரல் அகலத்துக்கு வளையமாக வெட்டி உருட்டிவிடுங்கள், பூனை பின்னங்காலால் உதைத்துக்கொண்டு கிடக்கும். கடித்து விழுங்கும் பூனைக்கு மட்டும் இது வேண்டாம், கூட்டின் நார் விறைப்பானது.

துணிப் பொம்மை வேண்டும் என்றால் வாங்காமல் தைத்துக்கொள்வதே நல்லது. சேலம் நெசவு ஊர், சாயம் போடாத காடாத் துணி மீட்டர் கணக்கில் எளிதாகக் கிடைக்கும். அரை மீட்டர் இருந்தால் நான்கைந்து பைகள் தைக்கலாம். முதலில் வெந்நீரில் போட்டுக் கஞ்சியை எடுத்துவிடுங்கள். இரட்டைத் தையல் போட்டு, நூல் முனைகளை உள்பக்கம் ஒட்ட வெட்டுங்கள். உள்ளே அடைக்க எல்லோரும் இலவம்பஞ்சைச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அது அவ்வளவு மெலிசு, சின்னக் கிழிசலில்கூட வெளியே பறந்து பூனையின் மூக்கிலும் கண்ணிலும் ஒட்டும். அதே காடாத் துணியின் வெட்டுத் துண்டுகளை அடையுங்கள். எருக்கம் பஞ்சு கூடவே கூடாது.

பனை ஓலைக் கிலுகிலுப்பை கிடைத்தால், சாயம் போடாததாகப் பார்த்து வாங்குங்கள். திருவிழாக் கடைகளில் வருவதில் பெரும்பாலும் சாயம் ஏற்றியிருக்கும். உள்ளே சத்தம் வருவது கூழாங்கல்லா, விதையா என்று கேளுங்கள். ‘ஏதோ விதை’ என்று பதில் வந்தால் வேண்டாம், காரணத்தை 6-ஆம் படியில் சொல்கிறேன். ஓலை விளிம்பு கூராக இருந்தால் ஈரத்துணியில் சுற்றி ஒரு மணி நேரம் வைத்தால் இளகும்.

மூங்கில் கூடை, கோரைப்பாய் இரண்டும் படுக்கைக்குச் சரி. சிலாம்பு இருக்கிறதா என்று உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். வார்னிஷ் அடித்தது வேண்டாம்.

4. குப்பைமேனி வேர்

காசு கொடுத்துக் கேட்னிப் (முகர்ந்தால் பூனை மயங்கிப் புரளும் ஒரு புதினா வகைச் செடி) வாங்கும் முன் வாசலைப் பாருங்கள். குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்றும் நாட்டு வைத்தியத்தில் பெயர் உண்டு. கேட்னிப்பில் பூனையை மயக்கும் பொருள் எந்தக் குடும்பமோ, அதே குடும்பத்துப் பொருள் குப்பைமேனி வேரிலும் இருக்கிறது. இலையை நீட்டினால் முகர்ந்துவிட்டுப் போய்விடும், வேரைப் பிடுங்கிக் காட்டினால்தான் வேலை நடக்கும். எங்கள் பூனை வேரில் ஒட்டியிருக்கும் மண்ணைக்கூடப் பொருட்படுத்தாமல் கன்னத்தை வைத்துத் தேய்க்கும், அப்புறம் தோளைச் சாய்த்துப் புரளும், வாயோரம் எச்சில் ஒழுகும், கண் பாதி மூடிவிடும். கொஞ்ச நேரத்தில் எழுந்து ஒன்றும் நடக்காத மாதிரி தண்ணீர் குடிக்கப் போகும்.

செடியைச் சரியாக அடையாளம் காணுங்கள். முழங்கால் உயரத்துக்கு மேல் பெரும்பாலும் போகாது. இலை விளிம்பில் ரம்பப் பல் இருக்கும், இலைக்காம்பு நீளம். தண்டோடு ஒட்டி வரும் கதிரில் சின்னச் சின்னக் கிண்ணம் போன்ற பச்சைச் செதில்கள் வரிசையாக இருக்கும், அதுதான் முக்கிய அடையாளம். குப்பைக்கீரை வேறு, குப்பைமேனி வேறு. சந்தேகம் இருந்தால் நாட்டு மருந்துக் கடையில் காட்டிக் கேளுங்கள்.

எங்கே பிடுங்குகிறீர்கள் என்பதுதான் பெரிய விஷயம். ரோட்டோரம், சாக்கடையோரம் வேண்டாம். ஏற்காட்டில் இருப்பவர்கள் காபித் தோட்ட வரப்பில் பிடுங்காதீர்கள், களைக்கொல்லி அடித்திருக்கலாம். விதை போட்டு ஒரு தொட்டியில் வளர்த்துக்கொள்வது நிம்மதி, களைச்செடிதானே, பராமரிப்பே தேவையில்லை. மழை பெய்த மறுநாள் பிடுங்கினால் வேர் அறுபடாமல் முழுசாக வரும்.

பிடுங்கியதும் வேரை மட்டும் வெட்டிக் கழுவி, துணிப் பையில் போட்டு வாயைத் தைத்துக் கொடுங்கள். அன்றைக்கே கொடுப்பது நல்லது, காயக் காய வீரியம் குறையும். தின்னக் கொடுக்கக் கூடாது. இந்தச் செடியில் அகாலிபின் என்ற பொருள் உண்டு, உள்ளே போனால் சயனைடை வெளிவிடும் வகை. முகர்வதற்கும் தேய்ப்பதற்கும் மட்டும்தான் வேர். வாரத்துக்கு ஒரு முறை, பத்து நிமிடம், அப்புறம் எடுத்து வைத்துவிடுங்கள்.

5. கேட்னிப், சில்வர் வைன்

சில்வர் வைன் என்பது கேட்னிப் மாதிரியே பூனையை மயக்கும் ஒரு கொடி. இரண்டும் நம் ஊர்ச் செடி அல்ல, ஆன்லைனில்தான் வாங்க வேண்டும். காய்ந்த கேட்னிப் சின்னப் பொட்டலம் 200 முதல் 400 ரூபாய் வரை. வாங்கும் முன் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: எல்லாப் பூனையும் இதற்கு மயங்காது. 100 பூனைகளிடம் சோதித்து 2017-இல் வெளியான ஓர் ஆய்வில் மூன்றில் இரண்டு பங்குப் பூனைகள் கேட்னிப்புக்கும், பத்தில் எட்டு சில்வர் வைனுக்கும் அசைந்தன. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குட்டியிடம் காட்டிப் பயனில்லை, சிலவற்றுக்கு ஆறு மாதம் ஆகும். அதனால் முதல் முறை சின்னப் பொட்டலம் மட்டும் வாங்குங்கள்.

ஒரு சிட்டிகை போதும். மயக்கம் ஐந்திலிருந்து பதினைந்து நிமிடம் வரை நிற்கும், அதன்பின் அரை மணியிலிருந்து ஓரிரு மணி நேரம்வரை மறுபடி காட்டினாலும் திரும்பிப் பார்க்காது. மீதியைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். ‘கேட்னிப் ஸ்ப்ரே’ என்று வருவதில் வேறு என்ன கலந்திருக்கிறது என்று எழுதியிருக்காவிட்டால் வாங்காதீர்கள்.

வளர்க்க ஆசைப்பட்டால் ஏற்காட்டுக்காரர்களுக்கு வசதி, சுமார் 1,500 மீட்டர் உயரத்துக் குளிர்ச்சி அதற்கு ஒத்துவரும். சேலத்தில் ஐப்பசி, கார்த்திகையில் விதைத்து, கோடையில் மதிய வெயில் படாமல் வைக்க வேண்டும். முளைக்க ஒன்றிரண்டு வாரம், இலை கிள்ள இரண்டு மூன்று மாதம். தொட்டியைச் சுற்றிக் கம்பி வலை போடுங்கள், இல்லாவிட்டால் பூனை அதன் மேலேயே படுத்துவிடும்.

புல் மெல்ல விரும்பும் பூனைக்கு மளிகைக் கடை முழுக் கோதுமையை ஊறவைத்துத் தொட்டியில் தூவுங்கள், பத்து நாளில் ஒரு விரல் உயரம் வந்துவிடும். விதைக் கடையில் சாயம் பூசி வரும் விதை வேண்டாம், அது மருந்து நேர்த்தி செய்தது. கோதுமைக்குப் பதில் சோளம் போடாதீர்கள். இளஞ்சோளப் பயிரை மேய்ந்து மாடு சாவதை நம் பக்கத்து விவசாயிகள் எல்லோரும் அறிவார்கள், அதே விஷம்தான்.

6. கைவைக்கவே கூடாதவை

குண்டுமணி: கிலுகிலுப்பையிலும் மணிப் பொம்மையிலும் அழகுக்காகப் போடுகிறார்கள். ஓடு உடைந்து உள்ளே போனால் மிகக் கொடிய விஷம். ஆமணக்கு விதையும் அப்படியே. ‘ஏதோ விதை’ வேண்டாம் என்றது இதனால்தான்.

மரவள்ளிக் குச்சி, இலை: சேலம் பக்கம் எங்கே பார்த்தாலும் கிடைக்கும், விளையாட ஒடித்துக் கொடுத்துவிடுவார்கள். பச்சை மரவள்ளியில் சயனைடு உண்டு.

அரளி, எருக்கு, செங்காந்தள், ஊமத்தை: பூவோ குச்சியோ எதுவும் வேண்டாம். லில்லி வகைப் பூங்கொத்து வீட்டுக்குள்ளேயே வரக்கூடாது. மகரந்தம் ரோமத்தில் பட்டு, பூனை அதை நக்கினாலே சிறுநீரகம் போய்விடும்.

காபிக் கொட்டை: ஏற்காட்டில் அலங்காரத்துக்காகத் துணிப் பையில் போட்டு விற்பதைப் பூனை உருட்டி விளையாடும். காஃபின் பூனைக்கு ஆகாது.

தைலங்கள்: மலைக்குப் போனவர்கள் யூக்கலிப்டஸ் தைலம் வாங்காமல் இறங்குவதில்லை. ‘வாசனைக்கு இரண்டு சொட்டு’ என்று பொம்மையில் விடாதீர்கள். கிராம்பு எண்ணெய், டீ ட்ரீ எண்ணெய் எல்லாம் இதே கணக்கு. மனிதர்களும் நாய்களும் கல்லீரலில் முறித்துவிடும் பல பொருட்களைப் பூனையின் கல்லீரலால் முறிக்க முடியாது. ஆபத்து பூனையின் மூக்கில் மட்டும் இல்லை, தோலில் பட்டாலும் உள்ளே ஏறும்.

7. பில்லும் காகிதமும்

பொட்டலத்தில் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயர், முகவரி, தயாரித்த மாதம், வருடம், எம்ஆர்பி, புகாருக்கான எண் ஆகியவை இருக்க வேண்டும். வெளிநாட்டுச் சரக்கு என்றால் எந்த நாடு என்றும் இருக்க வேண்டும். 2011-ஆம் ஆண்டு பொட்டலப் பொருள் விதிகள் இதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. இது இல்லாத பொம்மையை எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். ஐஎஸ்ஐ முத்திரையைத் தேட வேண்டாம், 2021 ஜனவரி முதல் அமலில் உள்ள பொம்மைத் தரக் கட்டுப்பாடு 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் பொம்மைகளுக்கானது, பூனைப் பொம்மைக்கு அல்ல. குழந்தைப் பொம்மைக்கான முத்திரையைக் காட்டி யாராவது ‘சர்டிஃபைடு’ என்றால் நம்பாதீர்கள்.

ஆன்லைனில் வாங்கினால் பார்சல் பிரிப்பதை வீடியோ எடுங்கள், பில்லையும் பொருள் விவரப் பக்கத்தையும் படம் பிடித்து வையுங்கள். விற்றபின் விவரத்தை மாற்றிவிடுகிறார்கள். திருப்பித் தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியலாம், பில் எண் கையில் இருக்க வேண்டும்.

சிங்கப்பூரில் இருக்கும் சொந்தக்காரரிடம் சொல்லி விதையோ சில்வர் வைன் குச்சியோ தபாலில் வரவழைக்க வேண்டாம். 2003-ஆம் ஆண்டு தாவரத் தொற்றுத் தடுப்பு ஆணைப்படி விதை, செடிப் பொருட்களுக்கு அனுமதியும் அந்த நாட்டுத் தாவரச் சுகாதாரச் சான்றிதழும் வேண்டும், இல்லாவிட்டால் பார்சலைப் பிடித்துக்கொள்வார்கள். சேர்வராயன் மலைக் காட்டில் மூங்கிலோ குச்சியோ ஒடிக்காதீர்கள், காப்புக் காட்டில் அது குற்றம்.

8. வீட்டுக்கு வந்ததும்

கழுவக்கூடியதைக் கழுவி வெயிலில் போடுங்கள். முதல் மூன்று நாள் நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது மட்டும் கொடுங்கள். வாரம் ஒரு முறை நகத்தால் கிளப்பும் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். துணிப் பை இரண்டு மாதம், பீர்க்கங்கூடு ஒரு மாதம், அதற்கு மேல் வைத்துக்கொள்ள வேண்டாம். மலையில் மழைக்காலம் முழுக்க நாரிலும் ஓலையிலும் பூஞ்சணம் பிடிக்கும், கறுப்புப் புள்ளி தெரிந்தால் துடைத்துப் பயன்படுத்தாமல் எறிந்துவிடுங்கள். குச்சியில் நூல் கட்டிய பொம்மையை விளையாட்டு முடிந்ததும் அலமாரிக்குள் பூட்டுங்கள்.

9. விழுங்கிவிட்டால்

அடிக்கடி வாந்தி, சாப்பிடாமல் சுருண்டு படுப்பது, வாயைக் காலால் தேய்ப்பது, எச்சில் வடிவது இவைதான் அறிகுறிகள். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்கினால் இழுக்கவே கூடாது, குடல் அறுந்துவிடும். விளக்கெண்ணெய், உப்புத் தண்ணீர், பால் எதுவும் ஊற்றாதீர்கள். ‘தானாக வந்துவிடும்’ என்று இரவு முழுக்கக் காத்திருக்காதீர்கள்.

நாரும் துணியும் எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியாது, பெரும்பாலும் ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள். அறுவை சிகிச்சை வரை போனால் தனியார் மருத்துவமனையில் ஆயிரக்கணக்கில் செலவாகும். பெரிய சிகிச்சைக்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி சேலத்திலிருந்து ஒரு மணி நேரச் சொச்சம். ஏற்காட்டில் இருந்தால் 20 கொண்டை ஊசி வளைவும் இறங்க வேண்டும், அதனால் சந்தேகம் வந்த உடனே கிளம்புங்கள், மாலைப் பனிமூட்டம் இறங்கிவிட்டால் வண்டி நகராது.

கையோடு எடுத்துப் போக வேண்டியவை: தடுப்பூசி அட்டை, கடித்தது போக மிஞ்சிய பொம்மை, அதன் அட்டை அல்லது பில், செடி என்றால் வேரோடு ஒரு கொத்து, எத்தனை மணிக்கு விழுங்கியது, எத்தனை முறை வாந்தி எடுத்தது என்று எழுதிய சீட்டு. மருத்துவர் முதலில் கேட்பது அந்த மிஞ்சிய பொம்மையைத்தான். எவ்வளவு நார் உள்ளே போயிருக்கும் என்று அதை வைத்துத்தான் கணக்குப் போடுவார்.